வலி மாத்திரையும் ஒன்றரை ஷிப்டும்

திருப்பூரில் போதைப்பொருள் என்றதும் கஞ்சாதான் பேச்சில் அடிபடுகிறது. சாக்லேட் வடிவில் பிடிபட்டால் ஊரே பதறும். வலி நிவாரணி மாத்திரை அட்டைகள் சிக்கினால் அவ்வளவு பதற்றம் இருப்பதில்லை, மருந்துக்கடைச் சரக்குதானே! உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால், அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

போதைக்குப் பயன்படுத்தப்படும் வலி மாத்திரைகளில் முக்கியமானது டேபென்டடால். கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின் மூளையிலும் தண்டுவடத்திலும் எந்த ஏற்பிகளைப் பற்றுகிறதோ, அவற்றையே இதுவும் பற்றுகிறது. வலி அடங்குகிறது, மிதப்பு வருகிறது. அதே ஏற்பிகள் குடலிலும் உண்டு, மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் உண்டு. அதனால் மலச்சிக்கலில் தொடங்குவது, அளவு மீறி, மேலே மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நிற்பதில் முடியலாம். தொடர்ந்து போட்டால் உடம்பு பழகி, நேற்றைய அளவு இன்று போதாமல் போகும். நிறுத்தினாலோ மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பை முறுக்கும் வலி, தூக்கமின்மை. மிதப்புக்காகத் தொடங்கியவர் பிறகு இந்த அவஸ்தைக்குப் பயந்தே போடுகிறார்.

மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுவது இன்னும் கொடுமை. விழுங்குவதற்காகச் சேர்த்த கரையாத பொருட்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஒரே ஊசியைப் பலர் மாற்றிக்கொண்டால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2018-இல் டிரமடால் என்ற வலி நிவாரணி கொண்டுவரப்பட்டது. அதன் நெருங்கிய உறவான டேபென்டடால் அப்போது வெளியே நின்றது. மருந்துச் சீட்டு கட்டாயம் என்பது மட்டும்தான் அதற்கு வேலியாக இருந்தது. அந்த வேலி எவ்வளவு உறுதியானது என்று நமக்கெல்லாம் தெரியும்.

கஞ்சா சாக்லேட்டின் ஆபத்து வேறு மாதிரி. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறுவது, தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எடுக்கும். ஏறவில்லையே என்று இன்னொன்றைத் தின்பவர், கட்டிங் மெஷின் முன்னால் நிற்கும்போது இரண்டும் சேர்ந்து ஏறும்.

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் சாதாரணம். ஷிப்மென்ட் நெருங்கினால் நைட்டும் உண்டு. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுபவருக்கு இடுப்பும் கழுத்தும்தான் மூலதனம். வலிக்கும் உடம்புகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊரில் வலி மாத்திரைக்குச் சந்தை உருவாவதில் வியப்பென்ன? விற்பவரைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அட்டைகளைப் பறிமுதல் செய்வதால் அந்த இடுப்பு வலி தீராது.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். தமிழக அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைப்பவருக்கு இவற்றை அவர் மொழியில் சொல்வது யார்? கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒடியாவிலும் இந்தியிலும் நாலு வரி எழுதப் பெரிய செலவில்லை. போதையில் வந்தவரை அன்றே கணக்கு முடித்து அனுப்புவது முதலாளிக்குச் சுலபம்தான்; மறுநாள் அவர் அடுத்த வீதிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பார்.