உயரம் எனும் மூடநம்பிக்கை

பள்ளிக் கைப்பந்து அணிக்கான தேர்வு நாளில் நம் மைதானங்கள் பலவற்றில் முதலில் நடப்பது, பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது. பந்தைத் தொடுமுன்னரே பாதிப்பேர் கழிக்கப்பட்டுவிடுகிறார்கள். பிறகு அவர்களிடமே தன்னம்பிக்கை பற்றி உபதேசிக்கிறோம். இதைவிட அபத்தம் வேறென்ன?

வலையோரத்தில் உயரம் தேவைதான்; மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் குட்டையாக இருப்பவன் பதினாறில் எப்படி நிற்பான் என்பதை யாரறிவார்? தவிர, 1998இல் சர்வதேச விதிகளிலேயே லிபரோ என்ற தடுப்பாட்டக்காரருக்கு இடம் தரப்பட்டுவிட்டது. வலைக்கு மேலாக அடிக்கவோ தடுக்கவோ அவருக்கு அனுமதியில்லை. எதிரணியின் பந்தைத் தரை தொடாமல் எடுப்பதே அவர் பணி. அதற்கு 2.43 மீட்டர் வலையை எட்டும் கை எதற்கு? வளைந்த முழங்காலும் விழிப்பான கண்ணும் போதும்.

தன்னம்பிக்கை மேடைப்பேச்சில் பிறப்பதில்லை என்பதே நம் தரப்பு. சுவரில் மோதித் திரும்பும் பந்தை முன்கைகளால் நாள்தோறும் நூறு முறை வாங்கிய பிள்ளை, தேர்வு நாளில் நடுங்கினாலும் அவள் கைகள் நடுங்கா. எனவே ஒரு மாதம் முன்னதாகவே அலமாரியில் பூட்டிய பந்துகளை வெளியே எடுங்கள். சர்வீஸ் போடவும் பந்தை வாங்கவும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். ஆடவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள். தேறாத பிள்ளையிடம் எதில் குறை, எப்படிச் சரிசெய்யலாம் என்று நேரில் சொல்லுங்கள். பெயர்ப்பட்டியலை ஒட்டிவிட்டு நகர்வதற்குப் பெயர் தேர்வல்ல, கைகழுவல்.