அலங்காரம் சரி, விசையில் விளையாடலாமா?

அமெரிக்காவில் ஒரு மோகம். கைத்துப்பாக்கிக்கு அலங்காரம் செய்கிற மோகம்!

நம்ம ஊர் வாலிபன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் சும்மா இருப்பானா? ஹேண்டில்பாரை மாற்றுவான். சீட்டை மாற்றுவான். பளபளவென்று பெயர் எழுதுவான். அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களும் அப்படித்தான். கடையில் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ள மனசு வராது. கைப்பிடியை மாற்றுவார்கள். குறி பார்க்கிற முள்ளை மாற்றுவார்கள். குழலை மாற்றுவார்கள். கடைசியில் விசையிலும் கை வைப்பார்கள்.

அங்கே வயது வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "தற்காப்புக்கு" என்பார்கள். ஆகவே இது நாலு பேரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. பெரிய வியாபாரம்.

கைப்பிடி அவரவர் இஷ்டம். விசையும் அவரவர் இஷ்டமா? கேள்வி அதுதான்.

கிழட்டுச் சிங்கம்

பிரியர்களின் செல்லப்பிள்ளை, "கோல்ட் 1911". ஜான் பிரவுனிங் என்ற மேதை வடிவமைத்தது. 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 7 குண்டு பிடிக்கும். காலி துப்பாக்கியே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டு உலகப் போர், கொரியா, வியட்நாம் எல்லாம் பார்த்தது. 1985-ல்தான் ராணுவம் இதற்குப் பதிலாக பெரெட்டா துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது.

ராணுவம் ஓய்வு கொடுத்தது. பிரியர்கள் கொடுக்கவில்லை!

இந்தச் சிங்கத்துக்குக் குறைகளும் உண்டு. சேற்றிலும் மணலிலும் சிக்காமல் சுட வேண்டும் என்று பாகங்களைக் கொஞ்சம் தளர்வாகவே செய்திருந்தார்கள். அதனால் குறி சற்றுப் பிசகும். குறி பார்க்கும் முள்ளோ கடுகு மாதிரி. சுடும்போது பின்னால் பாய்ந்து வருகிற சுத்தி, கட்டைவிரல் சந்தில் தோலைக் கடித்துவிடும். ரத்தமே வரும்.

இதைச் சரி செய்யத்தான் துப்பாக்கித் தொழிலாளிகள் முதலில் புறப்பட்டார்கள். பெரிய முள் வைத்தார்கள். குழலை இறுக்கமாகப் பொருத்தினார்கள். கை கடிபடாமல் இருக்க, பின்பக்கம் வால் மாதிரி நீண்ட தகடு வைத்தார்கள். வியர்வையில் வழுக்காமல் இருக்க, கைப்பிடி இரும்பில் கட்டம் கட்டமாக அரம் போட்டார்கள். எல்லாம் நாள் கணக்கில் செய்கிற கைவேலை.

1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி, கைத்துப்பாக்கிப் போட்டிக்கென்று ஒரு சர்வதேச சங்கம் ஆரம்பித்தார்கள். வேகமாகவும் சுட வேண்டும், குறியும் தப்பக் கூடாது. போட்டி சூடு பிடித்தது. தொழிலாளிகளுக்கும் வேலை குவிந்தது. அன்று அவர்கள் கையால் செய்த மாற்றங்களை இன்று தொழிற்சாலைகளே செய்து விற்கின்றன.

இதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. கை கடிபடாவிட்டால் நல்லதுதானே?

திரைச்சீலைக் கம்பி செய்தவர்

அடுத்த செல்லம், "க்ளாக்". ஆஸ்திரியா நாட்டு காஸ்டன் க்ளாக் செய்தது. திரைச்சீலைக் கம்பியும் ராணுவக் கத்தியும் செய்துகொண்டிருந்த மனிதர் அவர். 1982-ல் அவருடைய துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவம் ஏற்றது. உடம்பு பிளாஸ்டிக். 17 குண்டு பிடிக்கும். 2023 டிசம்பரில் 94 வயதில் க்ளாக் காலமானார்.

1911-ல் பாகம் மாற்ற அரமும் அனுபவமும் வேண்டும். க்ளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. பாகங்கள் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று பொருந்தும். சமையலறை மேஜையில் வைத்தே ஆணிகளைத் தட்டிக் கழற்றிவிடலாம். தொழிலாளிக்கு வேலை போச்சு. ஆளாளுக்கு மெக்கானிக்!

வினை இங்கேதான் ஆரம்பம்.

இரண்டரை கிலோ

விசையை எத்தனை கிலோ பலத்தில் இழுத்தால் குண்டு பாயும்? சாதாரண க்ளாக்கில் சுமார் இரண்டரை கிலோ. பிரியர்கள் ஸ்பிரிங்கை மாற்றி, பாகத்தைத் தேய்த்து, ஒன்றரை கிலோவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விரல் பட்டாலே "டுமீல்"!

நியூயார்க் போலீசார் நேர் எதிர். விரல் தவறிக் குண்டு பாயக் கூடாது என்று விசையை சுமார் ஐந்தரை கிலோவுக்கு ஏற்றி வைத்தார்கள். துப்பாக்கியே தொழிலாக இருப்பவன் விசையைக் கடினமாக்குகிறான். பொழுதுபோக்குக்காரன் லேசாக்குகிறான். வேடிக்கையாக இல்லை?

பிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2012 ஆகஸ்ட்டில் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியைப் போலீசார் சுட்டார்கள். வழிப்போக்கர்கள் 9 பேருக்கும் காயம். கடினமான விசையை இழுக்கும்போது கை ஆடிக் குறி தவறுகிறது என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. 2021-ல் புதிதாகச் சேரும் காவலர்களுக்கு லேசான விசை தர நியூயார்க் போலீஸ் முடிவு செய்தது.

சரி. ஆனால் அந்த "லேசான விசை" எவ்வளவு? தொழிற்சாலை வைத்த கணக்கை ஒட்டித்தான். சமையலறை மேஜையில் தேய்த்த ஒன்றரை கிலோ அல்ல!

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1911-க்கு இரண்டு பூட்டு. கட்டைவிரல் பக்கம் ஒன்று, கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று. (பின் பூட்டை ஆணியடித்து முடக்கிவிடுகிற வீரர்களும் உண்டு!) வழக்கமான க்ளாக்கில் கட்டைவிரல் பூட்டே கிடையாது. விசையை இழுக்காதவரைதான் பாதுகாப்பு. அந்த விசையையும் இளக்கிவிட்டு, குண்டு நிரப்பி, இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால்? பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன?

நாணயம் அளவுத் துண்டு

இதற்கும் மேலே ஒரு பயங்கரம். "சுவிட்ச்" என்கிறார்கள். நாணயம் அளவு உலோகத் துண்டு அல்லது பிளாஸ்டிக் துண்டு. அதை மாட்டினால் கைத்துப்பாக்கி எந்திரத் துப்பாக்கி ஆகிவிடும். விசையை ஒரு தரம் அழுத்தினால் 17 குண்டும் ஓரிரு நொடியில் காலி. கையில் துப்பாக்கி துள்ளும். குண்டு எங்கே போகிறது என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

அமெரிக்காவில் எந்திரத் துப்பாக்கிக்குக் கடிவாளம் 1934-லேயே போட்டாகிவிட்டது. 1986-க்குப் பிறகு செய்ததைப் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. இந்தத் துண்டு மட்டும் தனியாகக் கையில் இருந்தாலும் சட்டப்படி அது எந்திரத் துப்பாக்கிதான். 10 வருஷம் வரை உள்ளே போகலாம்.

பயந்தார்களா? மத்திய துப்பாக்கித் துறையின் கணக்கைப் பாருங்கள். 2012 முதல் 2016 வரை பிடிபட்ட துண்டுகள் 814. அடுத்த ஐந்து வருஷத்தில் 5,454!

2024 செப்டம்பர் 21 இரவு. அலபாமா மாநிலம், பர்மிங்காம் நகரம். நடைபாதையில் கூடி நின்றவர்கள் மேல் குண்டுமழை. 4 பேர் செத்தார்கள். 17 பேருக்குக் காயம். சுவிட்ச் மாட்டிய துப்பாக்கியே பயன்பட்டதாகத் தெரிகிறது என்றார்கள் போலீசார்.

2025-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. எளிதில் இப்படி மாற்றக்கூடிய கைத்துப்பாக்கிகளை 2026 ஜூலை முதல் கடைகள் விற்கக் கூடாது என்பது சட்டம்.

பிரியர்களுக்குக் கோபம். "ரவுடி செய்கிற தப்புக்கு எங்களுக்குத் தண்டனையா?" என்கிறார்கள். உண்மைதான். போட்டியில் சுடுகிறவனும் சுவிட்ச் மாட்டுகிற ரவுடியும் ஒன்றல்ல. ஆனால் "விசை என் சொந்த விஷயம்" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தது யார்? பிரியர்கள்தானே! இப்போது ரவுடியும் அதையே சொல்கிறான்.

சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டினால் தெருவே அலறுகிறது. போலீஸ் பிடிக்கிறது. "என் வண்டி, என் இஷ்டம்" என்று சொன்னால் விடுவார்களா?

கைப்பிடியில் தந்தம் பதிக்கட்டும். தங்கமுலாம் பூசட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை. விசையில் கை வைப்பதென்றால் அது தேர்ந்த தொழிலாளியின் வேலையாக இருக்கட்டும். லேசான விசை போட்டி மைதானத்தோடு நிற்கட்டும். வீட்டுக்கும் வீதிக்கும் வர வேண்டாம். சுவிட்ச் விற்கிறவனைப் பிடித்துக் கொடுப்பதில் பிரியர்களே முன்னால் நிற்கட்டும்.

துப்பாக்கி அவருடையது. எதிரே நடந்து வருகிறவனின் உயிர் அவருடையது அல்லவே!