எச்சம் இழிவன்று

கலைஞன் வெளியிட்டவை மட்டுமே அவனுடைய கலை. வெளியிடாது விட்டவை குப்பை. இவ்வாறு கருதுவோர் நம்மிடையே பலர் உளர். நெடுங்காலம் இயங்கிய இசைக்குழுவொன்று தன் பழைய ஒலிப்பதிவுகளைத் திரட்டி வெளியிடுமாயின், "சரக்குத் தீர்ந்துவிட்டது, சட்டியைச் சுரண்டுகிறார்கள்" என்று அவர்கள் நகைப்பர். இந்நகைப்பு அறியாமையின்பாற்பட்டது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றாக, இரைச்சலையே இசையாக்கிய செருமானியக் குழுவொன்றை எடுத்துக்கொள்வோம்.

ஐன்ஷ்டுர்சண்டெ நொய்பௌட்டன் என்பது அதன் பெயர். 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்பது பொருள். 1980 ஏப்ரல் முதல் நாள் மேற்குப் பெர்லினில் அக்குழு முதன்முதலாக மேடையேறியது. ஏழு வாரங்கள் கழித்து, அதே நகரில் 1957இல் எழுப்பப்பட்ட மாநாட்டு மண்டபத்தின் கூரை உண்மையாகவே இடிந்து விழுந்தது! குழுவைத் தொடங்கியவருள் முதன்மையானோர் பிளிக்சா பார்கெல்டும் உன்ரூவும் ஆவர். பணமுடையால் உன்ரூ தம் முரசுகளை விற்றுவிட்டு, பழைய இரும்பைத் தட்டத் தொடங்கினார் என்பர். தகடு, சுருள்வில், குழாய், துளைப்பொறி ஆகிய யாவும் அவர்கள் கையில் இசைக்கருவிகளாயின.

"இரைச்சலும் இசையாகுமோ?" என்பது முதல் வினா. இது புதிய வினாவன்று. 1913ஆம் ஆண்டிலேயே இத்தாலிய ஓவியர் லூயிசி ருசோலோ, இயந்திர யுகத்து மனிதனின் செவிக்குப் பழைய ஒலிகள் போதா எனவும், இரைச்சல்களையும் இசைக்குள் கொணர வேண்டும் எனவும் வாதிட்டார். மதிலால் சூழப்பட்ட நகரில், போரின் வடு ஆறாத தெருக்களில் வளர்ந்த இளைஞர் கேட்டது குயிலின் கூவலையா? அவர்கள் கேட்டதையே நமக்கும் கேட்பித்தனர். இனிமை ஒன்றே இசையின் எல்லையென்றால், அழுகையும் அறைகூவலும் எங்கே செல்லும்?

"திரட்டு வெளியிடுவது வணிகத் தந்திரமன்றோ?" என்பது இரண்டாவது வினா. இக்குழு 'கட்டடக் கலைக்கு எதிரான உத்திகள்' என்னும் பெயரில் நான்கு திரட்டுகளைத் தந்துள்ளது. முதலாவது 1980 முதல் 1983 வரையிலான பணிகளைத் தொகுப்பது. இரண்டாவது 1984 முதல் 1990 வரை. மூன்றாவது 1991 முதல் 2001 வரை. நான்காவது 2002 முதல் 2010 வரை. முன்னரே வெளிவந்த சிலவற்றோடு மேடைப் பதிவுகளும், மாற்று வடிவங்களும், வெளிவராதிருந்தவையும் இத்திரட்டுகளில் இடம்பெற்றன. முப்பதாண்டு வரலாற்றைக் காலவரிசையில் அடுக்கித் தருவது தந்திரமா? அஃது ஆவணம். முதல் மேடையில் நின்றவர் எல்லாரும் நிலைத்திருக்கவில்லை. இடையில் வந்தோரும் விலகினர். ஆள் மாறினும் அவர் எழுப்பிய ஒலி மறையாதிருப்பது பதிவுகளால் அன்றோ?

தந்திரமே இல்லையென்று நாம் வாதிடவில்லை. பழைய பாடல் பத்தோடு அரிய பாடல் ஒன்றைச் சேர்த்து முழுவிலை பெறும் நிறுவனங்கள் உண்டு. எங்கே, எப்போது, யார் இசைத்தது என்னும் குறிப்பின்றித் தட்டை நிரப்புவோரும் உண்டு. அவர்களைக் கண்டிப்போம். ஆயினும், போலி நாணயம் புழங்குகிறது என்பதற்காக நாணயத்தையே ஒழித்துவிடுவாருண்டோ?

"கலைஞனே ஒதுக்கியதை நாம் ஏன் கேட்க வேண்டும்?" என்பது மூன்றாவது வினா, வலிமை மிக்கதும் இதுவே. இதற்கு அக்குழுவின் செயலே விடை. மேடையில் முன்னேற்பாடின்றி இசைத்துப் பார்க்கும் பகுதிகளை அவர்கள் 'ராம்பன்' என்பர். 'சாய்தளங்கள்' என்பது அதன் பொருள். 2022ஆம் ஆண்டுப் பயணத்தில் அவ்வாறு பிறந்தவற்றை அடிப்படையாகக் கொண்டே 2024இல் அப்பெயரிலேயே முழு இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். ஓரிரவில் தோன்றி மறைந்திருக்க வேண்டியது, பதிவில் எஞ்சியதால் வித்தாயிற்று! மேலும், 2002 முதல் ஆதரவாளர் செலுத்திய சந்தாவைக் கொண்டு இசை படைக்கும் முறையையும் மேற்கொண்டனர். சந்தா செலுத்தியோர், பணி நடைபெறுவதை இணையத்தின் வழியே கண்டனர். முடிந்த பொருளுக்கு மட்டுமன்று, முடியாத முயற்சிக்கும் மதிப்புண்டு என உணர்ந்தோர் அவர்கள். கழிவென்று எறியப்பட்ட இரும்பிலிருந்து கலை படைத்தவர்கள், தம் கலையில் எதைத்தான் கழிவென்று எறிவர்?

இவ்வாதம் பெர்லினோடு முடிவதன்று. நம் வகுப்பறைக்கும் வருவது. யானும் ஆசிரியனாக இருந்தவன். மாணவர் எழுதிய கட்டுரையின் செம்படியை மட்டும் கேட்டு வாங்கினேன்; அடித்தும் திருத்தியும் எழுதிய முதற்படியைக் குப்பைக்கூடைக்கு அனுப்பினேன். ஒரு சொல்லை அடித்துவிட்டு மறுசொல்லை அவன் ஏன் தேர்ந்தான் என்பதை அந்தத் தாள் அறிந்திருந்தது; யான் அறியாமற் போனேன். மதிப்பெண் இடத் தெரிந்த எனக்கு, மாணவனின் மனம் நடந்த வழியைப் பார்க்கத் தெரியவில்லை. வெளியிட்டது போதும் என்போரும் அன்றைய என்னைப் போன்றோரே.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்றை நினைவூட்டி முடிக்கின்றேன். நம் இலக்கணம் முற்றுப் பெறாத சொல்லைக் குற்றமென்று தள்ளவில்லை. 'எச்சம்' என்று பெயரிட்டுப் போற்றியது. பெயரெச்சம் பெயரைத் தேடி நிற்கும். வினையெச்சம் வினையைத் தேடி நிற்கும். கலைஞனின் எஞ்சிய படைப்போ கேட்கும் செவியைத் தேடி நிற்கிறது. அச்செவியை மூடிக்கொள்வது சுவையறிதல் ஆகாது, சோம்பலே ஆகும். எச்சங்களைத் தொகுப்போம், நாளும் இடமும் குறித்து வைப்போம், பொறுமையோடு கேட்போம். முற்று, எச்சத்தின் வழியே வருவது.