தமிழ் பேசும் பிள்ளைக்கு 'டென்ஸ்' புதிதல்ல

லூமுட் வட்டாரப் பெற்றோர்களே, "தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது" என்று இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்போம்?

வீட்டில் உங்கள் பிள்ளை போனேன், போகிறேன், போவேன் என்கிறது. வினைச்சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது. மலாயில் 'பெர்கி' மாறாது. 'சுடா', 'செடாங்', 'ஆக்கான்' என்று முன்னால் ஒரு சொல் வைப்பார்கள். (அது மலாயின் குறையல்ல, இயல்பு.) ஆக, ஆங்கில டென்ஸ் படிக்க நம் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை.

சறுக்குகிற இடம் வேறு. "பத்து வருஷமாக அங்கே வேலை செய்கிறேன்" என்பதை அப்படியே 'ஐ எம் வொர்க்கிங் தேர் டென் இயர்ஸ்' என்கிறோம். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வரவேண்டும். வேலைநீக்க வழக்குகளில் இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனையோ தொழிலாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்: ஐயா, இன்னும் வேலையில் இருக்கிறீர்களா, நிறுத்திவிட்டார்களா?

பாட மொழியை மாற்றினால் ஆங்கிலம் வந்துவிடும் என்று 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், தமிழ்ப்பள்ளிகளிலும்தான். 2009-இல் அதைக் கைவிடுவதாக அரசாங்கமே அறிவித்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் இதைக் கேளுங்கள்: தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறீர்களா, டீச்சர்?