இயன்மருத்துவக் கல்வியும் நோயாளியின் மொழியும்

அறுவைச் சிகிச்சை நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே நடைபெறும். ஊசிமருந்து, அதன் பெயரை அறியாதவரின் உடலிலும் தன் வேலையைச் செய்யும். இயன்மருத்துவம் அத்தகையதன்று. பக்கவாதத்தாற் செயலிழந்த கையை மீட்க வேண்டுமாயின், நோயாளி ஒரே அசைவை நாள்தோறும் பன்முறை தாமே முயன்று செய்தல் வேண்டும். சிகிச்சையாளர் வழிகாட்டுகிறார், சிகிச்சையை நிகழ்த்துபவர் நோயாளியே. ஆகவே, விளங்காத பயிற்சி கொடுக்கப்படாத மருந்துக்குச் சமமாகும். இத்துறையில் மொழியும் மருந்தின் ஒரு பகுதியே.

நீண்டகாலம் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலையோடு நின்ற இக்கல்வி, இன்று கொழும்பு, பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயின் உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் ஆங்கிலத்திற் கற்று ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதும் மாணவர், வாட்டில் எந்த மொழியிற் பேசப்போகிறார் என்பதை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை.

முழங்காலுக்குக் கீழே கால் துண்டிக்கப்பட்டவர், இதமாயிருக்குமென்று எஞ்சிய காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுத்தல் இயல்பு. வாரக்கணக்கில் அவ்வாறு கிடந்தால் முழங்கால் மடிந்தபடியே இறுகிவிடும். பின்னர் செயற்கைக்கால் பொருத்துவதே கடினமாகும். முள்ளந்தண்டு வடம் சேதமுற்றுச் சக்கரநாற்காலியில் இருப்பவர், இடைக்கிடை உடலை உயர்த்தி அழுத்தத்தை மாற்றாவிடின் அழுத்தப்புண் உண்டாகும். உணர்ச்சியற்ற இடத்தில் நோ எச்சரிக்கமாட்டாது. சொல்லே எச்சரிக்க வேண்டும். அச்சொல் நோயாளிக்குப் புரியாத மொழியிற் கூறப்படுமாயின், நான்காண்டுக் கல்வியின் பயன் யாது?

"ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்கிறீரா?" என்று கேட்பார் உளர். நாம் அவ்வாறு கூறவில்லை. உலக ஆய்வுகளை அறிய ஆங்கிலம் வேண்டும். ஆனால் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னர் தமிழும் அரசகரும மொழியாயுள்ள நாட்டில், நோயாளிக்கு அவர் மொழியிற் பயிற்சியை விளக்கிக் காட்டுதல் இறுதி மருத்துவப் பரீட்சையின் கட்டாயப் பகுதியாதல் வேண்டும். தமிழ் நோயாளி முன் நிற்கும் சிங்கள மாணவருக்கும், சிங்கள நோயாளி முன் நிற்கும் தமிழ் மாணவருக்கும் இக்கடப்பாடு ஒன்றே. சில நாள் மொழிவகுப்பு நடத்திச் சான்றிதழ் வழங்குதல் இதற்கு ஈடாகாது.

உறவினர் மொழிபெயர்ப்பாரே என்பது இன்னொரு சமாதானம். முள்ளந்தண்டு வடம் சேதமுற்றவரிடம் சிறுநீர், மலம், இல்லறவாழ்வு பற்றியெல்லாம் கேட்டறிய வேண்டும். தந்தையிடம் இவற்றை மகள் வாயிலாகக் கேட்பது சிகிச்சையா, அவமதிப்பா?

சொற்களின் நிலைமையையும் நோக்குவோம். யாழ்ப்பாணத்தவர் "நாரி நோ" என்பதை மலையகத்தவர் "இடுப்பு வலி" என்பர். உளைவு வேறு, எரிவு வேறு, விறைப்பு வேறு. தசையின் நோவையும் நரம்பின் நோவையும் பிரித்தறிய இவ்வேறுபாடுகள் துணைசெய்யும். இவையனைத்தையும் "வலி" என்ற ஒரே சொல்லிலடக்கும் சிகிச்சையாளர் நோயின் பாதியை இழந்துவிடுகிறார். "புனர்வாழ்வு" என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியோ இன்னும் கொடிது. 2009 இல் யுத்தம் முடிந்தபின், ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் தடுத்துவைக்கப்பட்ட நிலையங்களுக்கு அச்சொல்லே பெயராயிற்று. காலிழந்த ஒருவரிடம் "உமக்குப் புனர்வாழ்வு வேண்டும்" என்றால், அவர் செவியில் விழுவது மருத்துவமா, முட்கம்பியா? இதனை எந்த உடற்கூற்று நூலும் மாணவருக்குக் கற்பிக்காது.

இங்கேதான் கலைப்பீடத்தின் பொறுப்பு எழுகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் அம்மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வேற்றுநாட்டவர் ஒருவர் ஆற்றிய அப்பணியைப் புகழ்ந்து விழா எடுக்கும் நாம், அதனைத் தொடர யாது செய்தோம்? கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் வடமொழியா தனித்தமிழா என்று வழக்காடினோம். "தோளை உயர்த்தாமற் கையை நீட்டுங்கள்" என்பதை மட்டக்களப்பு விவசாயிக்கும் பதுளைத் தோட்டத்தொழிலாளிக்கும் விளங்குமாறு எழுதித்தர நம்மில் எவர் முன்வந்தோம்?

மொழியியலும் தமிழும் பயிலும் மாணவர் இயன்மருத்துவ மாணவரோடு வாட்டுகளுக்குச் சென்று, மக்கள் தம் உடலையும் நோவையும் குறிக்க வழங்கும் சொற்களைத் திரட்டுக. பிரதேசவாரியாகப் பயிற்சிக் கையேடுகள் ஆக்குக. இது தருமமன்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதாகக் கூறி, 2016 இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்றுறுதி செய்த நாட்டில், தன் உடலைப் பற்றித் தன் மொழியிற் கேட்டறிவது நோயாளியின் உரிமை. அவ்வுரிமையை மதிக்காத பட்டம், எத்துணை உயர்ந்த சித்தியோடு பெறப்பட்டதாயினும், குறைப்பட்டமே.