பந்து பிடித்த கை



நம் காரைக்காலில் பட்டாளக்காரர் என்றதும் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் பெற்ற 'சொல்தா' தாத்தாக்களின் கதைகள்தாம் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது வேறொரு பட்டாளக்காரரைப் பற்றி. கர்னல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 1970-இல் ராஜஸ்தானத்து ஜெய்சால்மரில் ஓர் இராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் அவருக்குக் கிரிக்கெட்டே உயிர். மத்தியப் பிரதேச ரஞ்சி அணிக்குத் தேர்வும் ஆனார். படிப்பு கெட்டுவிடும் என்று தாயார் தடுத்துவிட்டாராம்.

"பார்த்தாயா, விளையாட்டை விட்டதால்தானே அவர் உயர்ந்தார்!" என்று பெரியவர்கள் உடனே சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். அவர் விட்டது ஓர் அணியை மட்டுமே. பூனாவுக்கு அருகிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு டேராடூன் இராணுவக் கல்லூரிக்குப் போனார். அங்கே எல்லாத் துறைகளிலும் சிறந்த பயிற்சி வீரருக்குரிய கௌரவ வாளைப் பெற்றார். சிறந்த விளையாட்டு வீரருக்கான தங்கப்பதக்கமும் அவருக்கே கிடைத்தது. மைதானத்தை மறந்தவருக்கு அந்தப் பதக்கத்தை யார் கொடுப்பார்கள்?

கிரனேடியர் படைப்பிரிவில் அதிகாரியாகிக் காஷ்மீரிலும் பணியாற்றினார். துப்பாக்கி சுடும் போட்டிக்கு வந்தபோது வயது இருபத்தெட்டு இருக்கும். நம் ஊரில் அந்த வயதில் விளையாட ஆரம்பித்தால் சிரிப்பார்கள்! அவருடைய பிரிவு 'டபுள் டிராப்'. ஒரே நேரத்தில் இரண்டு களிமண் தட்டுகள் பறக்கும். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டையும் சுட வேண்டும். பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எளிதாக வந்திருக்கும் என்பது என் சொந்த ஊகம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 179 தட்டுகளைச் சுட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். மூன்றாவதாக வந்த சீன வீரர் சுட்டது 178. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் அதுவே முதல் வெள்ளி.

"அவர் ஆண்பிள்ளை, உனக்கென்ன?" என்ற கேள்வியும் வரும். சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1992 முதல் பெண்களுக்குப் பயிற்சி தருகிறது. ராத்தோர் படித்த பூனாக் கல்லூரியின் கதவோ நமக்கு நெடுநாள் மூடியே கிடந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-இல் முதல் பெண்கள் உள்ளே போனார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் தேர்வில் சுவர் ஏற வேண்டும், கயிற்றில் தொங்க வேண்டும், குழுவாகத் தடைகளைக் கடக்க வேண்டும். அதற்கான வழிகாட்டி நூலை எந்தக் கடையில் வாங்குவது?

ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடவேளையாகிவிடுகிறது. எந்தப் பள்ளியில் என்று கேட்காதீர்கள். ஊரெல்லாம் இதே கதைதான். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்குக் கணக்கு பிடிக்கும். வாரத்தில் போன இரண்டு பாடவேளைகளில் ஒன்றையாவது திருப்பித் தாருங்கள். எறிபந்து வலையை நாங்களே கட்டி, நாங்களே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.