முகவரி கேட்கும் சந்தை

விழுப்புரம் பக்கம் ஒரு தங்கை குழம்பு மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறார். கடன் வாங்கி அரவை இயந்திரம் போட்டிருக்கிறார். முதல் மாதம் பக்கத்து டவுனில் ஒரு மளிகைக் கடையில் இருபது பாக்கெட் வைத்தார், விற்றுத் தீர்ந்தது. மறுமாதம் போனபோது கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். “அம்பேத்கர் நகர்னு போட்டிருக்கேம்மா. எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வெச்சுட்டுப் போறாங்க. வேற விலாசம் போட்டுக் கொண்டாயேன்.”

பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் தயாரிப்பாளரின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் முகவரியே சாதிச் சான்றிதழ். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பலகையில் பெயர் மாறினாலும், அந்தத் தெரு யாருடையது என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்க வருபவருக்கும் தெரியும்.

இது புதிய கதை இல்லை. பரோடாவில் தங்க இடம் மறுக்கப்பட்டு பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பிழைப்புக்காகப் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். ஆலோசனையில் குறை இருந்திருக்காது. ஆனாலும் அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். நூறாண்டு கடந்தும் அந்தத் தங்கையின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் கை அதே கைதான்.

தொழில்முனைவோர் பயிற்சிகளில் முதலில் சொல்லப்படும் பாடம், “தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்” என்பது. யாருக்கு யாரைத் தெரியும்? மாமா மொத்த வியாபாரி, சித்தப்பா கல்யாண மண்டப உரிமையாளர், சங்கத் தலைவர் வங்கி மேலாளருக்கு நண்பர் என்று இருப்பவருக்கு அது நல்ல பாடம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் கூலி வேலை செய்பவர்கள். அவர்கள் வாங்குவார்கள், ஆனால் ஐம்பது கிராம் வாங்குவார்கள், அதையும் கடனாக வாங்குவார்கள். சாதிப் பெயரையே கடைப் பெயராக எழுதி நம்பிக்கை சம்பாதிக்க இங்கே சிலரால் முடிகிறது. ‘ஐயர் மெஸ்’ என்ற பலகை ருசிக்கு உத்தரவாதமாகிறது. நம் பெயர் பலகையில் ஏறினால் கடை காலியாகிறது. சந்தை நடுநிலையானது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு பலகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அரசு தன் பங்குக்குக் கடன் தருகிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. வட்டியிலும் 6 விழுக்காடு மானியம். நல்ல திட்டம். ஆனால் இயந்திரம் வாங்க மானியம் தரலாம், வாடிக்கையாளரை வாங்கித் தர முடியாது. கடன் கிடைத்தும் விற்க முடியாமல் தவணை கட்டத் திணறும் தோழர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து “இவர்களுக்குத் தொழில் வராது” என்று சொல்லப் பொதுப்புத்தி தயாராக நிற்கிறது.

அதனால் விற்பனைப் பழக்கங்களைப் பற்றி நாம்தான் பேச வேண்டும், நம் நிலைமையிலிருந்து.

முதல் தடை கேட்பதில் இருக்கிறது. உழைத்த கூலிக்கே பின்வாசலில் நின்று கேட்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். “ஆர்டர் கொடுங்கள்” என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. விலை சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. இது தனிமனிதக் கூச்சம் இல்லை, சாதி நம் தொண்டையில் வைத்த கை. அதைத் தினப் பழக்கத்தால்தான் எடுக்க முடியும். ஒரு நோட்டு போதும். யார், என்ன, என்று வாங்கினார், எப்போது தீரும் என்று எழுதுங்கள். ஒரு கிலோ தூள் ஒரு வீட்டில் ஒரு மாதம் வந்தால் 25ஆம் நாள் போன் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர். அது கையேந்துவது ஆகாது. பொருள் வைத்திருப்பவர் கேட்கிற முறை.

அடுத்தது விலை. ஒதுக்கப்படுவோம் என்ற பயத்தில் விலையைக் குறைக்காதீர்கள். சாதி பார்த்து வாங்காதவர் பத்து ரூபாய் குறைத்தாலும் வாங்க மாட்டார். வாங்குகிறவருக்குத்தான் தேவையில்லாமல் நட்டத்தில் விற்பீர்கள்.

மூன்றாவது, பாக்கி. வலியவர் பாக்கி வைத்தால் நம்மவர் தெருவில் நின்று கேட்க முடியாது. ஆகவே காகிதத்தில் கேளுங்கள். உத்யம் பதிவு இலவசம்; சரக்கு கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிட மாநிலத்தில் வசதியாக்க மன்றம் இருக்கிறது. பில் இல்லாதவருக்கு இதில் எதுவும் இல்லை.

நான்காவது, முகம் பார்க்காத வாடிக்கையாளர். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு. 2012 முதல் இருக்கும் இந்த விதியின் இலக்கு எட்டப்படாமலே கிடக்கிறது. ‘தகுதியானவர்கள் வரவில்லை’ என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். டெண்டர் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பத்துத் தோழர்களுக்கு உதவினால் அந்தப் பதில் பொய்யாகும். வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்குப் போராடிய நாம் கொள்முதலில் இருக்கும் ஒதுக்கீட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

இவ்வளவையும் ஒருவரே தனியாகச் செய்ய முடியாது. நாடார்கள் ஒடுக்கப்பட்ட காலத்தில் மகமை என்று பொதுநிதி திரட்டினார்கள், பேட்டைகள் கட்டினார்கள், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். ஒருவர் கடையை இன்னொருவர் தாங்கினார். இன்னொரு சாதிச் சங்கம் கட்டுவது நம் வழி இல்லை. சாதி ஒழிப்பில் நம்பிக்கையுள்ள எவரும் சேரக்கூடிய வாங்குவோர் கூட்டத்தை நாம் கட்டலாம்.

இங்கேதான் இயக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் எத்தனை கூட்டம் நடத்துகிறோம்? பந்தல், பேனர், சாப்பாடு, தண்ணீர் பாட்டில் எல்லாம் யாரிடம் வாங்குகிறோம்? ‘எது மலிவோ அது’ என்று முடிவெடுத்துவிட்டு, மேடையில் பொருளாதார விடுதலை பேசுகிறோம். நானும் அப்படி நடத்தியவன்தான். கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

தங்கை விலாசத்தை மாற்றவில்லை. “வேற விலாசம் போட்டா நாளைக்கு நல்ல பேரு வந்தாலும் அது எங்க தெருவுக்கு வராதேண்ணா” என்றார். அந்தக் கடையை விட்டுவிட்டு ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் என்று நோட்டில் எழுதத் தொடங்கினார். இப்போது அறுபது வீடுகள் இருக்கின்றன. தவணை கட்ட நூறு வேண்டும். மீதி நாற்பது வீடும் ஊரைத் தாண்டித்தான் வர வேண்டுமா, இதைப் படிக்கும் நம் வீடுகளிலிருந்து வரக்கூடாதா?